திருடனும் தமிழாசிரியரும்: வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நகைச்சுவை எழுதப் பழக ஒரு முழு வழிகாட்டி

நான் முதன்முதலில் எழுதிய அரை மணி நேர நகைச்சுவை ஸ்கிரிப்டில் 63 ஜோக்குகள் இருந்தன. எண்ணி வைத்திருந்தேன். நான்கு நண்பர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டியபோது ஏழாவது ஜோக்கோடு சிரிப்பு நின்றுபோனது. இருபதாவது வந்தபோது ஒருவன் போனைக் கையில் எடுத்துவிட்டான். ஜோக்குகள் மோசம் என்று சொல்ல முடியாது. தனித்தனியாகச் சொன்னால் அவற்றில் பாதிக்கு இன்றும் சிரிப்பு வரும். ஆனால் அப்பா சொன்னதை மகள் சொல்லியிருக்கலாம், மகள் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஸ்கிரிப்டில் ஆறு பெயர்கள் இருந்தன. பேசியதெல்லாம் நான் ஒருவன்தான்.

அந்த ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்ட பிறகுதான் உருப்படியாக எழுதப் பழகினேன். பழகிய வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். கையில் பிடித்துப் பார்க்க ஒரு காட்சி வேண்டும் என்பதால் ஒன்றை வைத்துக்கொள்வோம்: நள்ளிரவு, ஒரு வீடு, திருடன் ஒருவன் உள்ளே நுழைகிறான். வீட்டில் தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இதே காட்சியை வானொலிக்கு ஒருமுறை, தொலைக்காட்சிக்கு ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.

முதலில் காது

உங்களுக்குப் பிடித்த நகைச்சுவைத் தொடர் ஒன்றின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் கையால் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், இரண்டு மாலைப்பொழுது போய்விடும். ஆனால் எழுதுவது பற்றிய புத்தகங்கள் பத்தைப் படிப்பதைவிட இது அதிகம் கற்றுத்தரும் என்பது என் கட்சி. எழுதி முடித்ததும் சிரிப்பு வந்த இடத்தையெல்லாம் குறியுங்கள். அந்தச் சிரிப்பு எந்தச் சொல்லில் வெடித்தது, அதற்கான வெடிமருந்து எத்தனை வரிக்கு முன்னால் அடைக்கப்பட்டது என்பதையும் குறியுங்கள்.

இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, வசனங்கள் நீங்கள் நினைத்ததைவிடச் சின்னவை. பல வரிகளில் நான்கைந்து சொல்லுக்கு மேல் இருக்காது. இரண்டாவது, பெரிய சிரிப்புகள் பெரும்பாலும் ஜோக்கே இல்லாத வரிகளுக்கு வருகின்றன. ‘சரி’, ‘எப்போ?’, ‘நான் இல்லையே’ என்ற மாதிரி. எழுதிப் பார்த்தால் அதில் ஒன்றுமே இருக்காது. அதைச் சொல்லும் ஆளையும் சொல்லும் நேரத்தையும் வைத்துத்தான் சிரிப்பு.

குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பின்னணியில் வரும் சிரிப்பொலியை நம்பாதீர்கள். 1950-களிலேயே சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளைப் பொத்தான் அழுத்தி வேண்டிய அளவில் வரவழைக்கும் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டார். எனவே நீங்கள் சிரித்த இடத்தை மட்டும் குறியுங்கள்.

இதோடு ஒரு சின்ன நோட்டும் வேண்டும். வரிசையில் நிற்கும்போதும் பயணத்திலும் காதில் விழும் பேச்சை அதில் எழுதுங்கள். அங்கே நீங்கள் பிடிக்க வேண்டியது ஜோக்கை அல்ல, பேச்சின் வாகை. கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்லும் ஆள், எதைச் சொன்னாலும் ‘அது தெரிஞ்சதுதானே’ என்பவர், வாக்கியத்தை முடிக்கவே முடிக்காதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாகு உண்டு.

ஜோக்கின் எலும்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜோக் என்பது ஒரு திசையில் நம்மை நடக்கவிட்டு வேறு திசையில் திருப்புவது. நடக்கவிடும் பகுதி நீளமாக இருக்கலாம், திருப்பம் குட்டியாக இருக்க வேண்டும். மூன்றாகச் சொல்வது பழைய உத்தி: ‘அவர் மூணு விஷயத்துக்குத்தான் வாயைத் திறப்பார். சாப்பிட, கொட்டாவி விட, என்னைத் திட்ட.’ முதல் இரண்டும் பாதை போடுகின்றன, மூன்றாவது காலை இடறிவிடுகிறது. நான்காவது ஒன்றைச் சேர்த்தால் காற்று இறங்கிவிடும். முன்னால் வந்த ஒரு சொல்லை வெகுநேரம் கழித்து எதிர்பாராத வாயிலிருந்து திரும்ப வரவழைப்பது இன்னொரு உத்தி. அதைக் கீழே செய்து காட்டுகிறேன்.

தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கடைசிச் சொல். சிரிப்பு வெடிக்கும் சொல்லுக்குப் பிறகு ஒரு சொல்கூட வரக்கூடாது. வந்தால் பார்வையாளர் சிரிக்க வாயைத் திறக்கும்போது நடிகர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். நம் மொழியிலோ வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் கல்யாணத்துக்கு வந்திருந்தாங்க’ என்று எழுதினால் முதல் சொல்லிலேயே குட்டு உடைந்துவிடுகிறது. ‘வந்திருந்தாங்க’ என்ற வால் வேறு பின்னால் தொங்குகிறது. பேச்சுத் தமிழோ சொற்களை விருப்பப்படி மாற்றிப்போட விடுகிறது. ‘கல்யாணத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்க, மாப்பிள்ளையைத் தவிர.’ சொற்கள் அதேதான், இடம்தான் வேறு. ஒவ்வொரு ஜோக்கையும் எழுதிய பிறகு கடைசிச் சொல்லின்மேல் விரலை வையுங்கள். அது ‘இருக்கு’, ‘போச்சு’, ‘சொன்னாங்க’ என்று முடிந்தால் வாக்கியத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் புரட்ட வேண்டியதில்லை. எல்லா வரியும் தலைகீழாக நின்றால் நாடகக் கம்பெனி வசனம் மாதிரி ஆகிவிடும்.

ஆள் இல்லாமல் சிரிப்பு இல்லை

என் 63 ஜோக்குகள் தோற்றது இங்கேதான். இப்போதெல்லாம் எந்தப் பாத்திரத்தையும் எழுதும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவிடுவேன். இவருக்கு இந்த நேரத்தில் என்ன வேண்டும்? எதைச் செய்யாமல் இவரால் இருக்க முடியாது? தன்னைப் பற்றி இவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்?

நம் ஆசிரியருக்கு வேண்டியது, தான் சொல்வதைக் கேட்க ஒரு ஆள். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அது கிடைக்கவில்லை. பிழையைக் கண்டால் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. தன்னை ரொம்பப் பொறுமைசாலி என்று நினைக்கிறார். திருடனுக்கு வேண்டியது பீரோ சாவி. தன்னை யாராவது முட்டாள் என்று நினைத்துவிட்டால் அதைப் பொய்யாக்காமல் அவனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. ஊரே தன்னைப் பார்த்து நடுங்குகிறது என்பது அவன் நினைப்பு.

இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் விட்டால், ஜோக் எதையும் யோசிக்காமலே காட்சி நகரத் தொடங்குவதைப் பாருங்கள். இவர் திருத்துவார், அவனுக்குச் சுருக்கென்று தைக்கும், சரியாகச் சொல்லிக் காட்டாமல் போகமாட்டான். இருவருமே முழுத் தீவிரத்தில் இருக்கிறார்கள். தான் ஒரு நகைச்சுவைக் காட்சியில் இருப்பது பாத்திரத்துக்குத் தெரிந்துவிட்டால் அதோடு காட்சி செத்துவிடும். நடிகர் கண்ணடிப்பதும், தன் வசனத்துக்குத் தானே சிரிப்பதும் அதனால்தான் எரிச்சலாக இருக்கின்றன.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை: பக்கத்தின் இடது ஓரத்தில் இருக்கும் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு வசனங்களைப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியாத வரிகளை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள்

நேராக அரை மணி நேரத் தொடருக்குத் தாவாதீர்கள். இரண்டு, மூன்று நிமிட ஸ்கெட்ச், அதாவது தனியாக நிற்கும் குட்டி நகைச்சுவைக் காட்சி, குறைந்தது பத்து எழுதுங்கள். ஸ்கெட்சுக்கு விதி ஒன்றுதான்: விசித்திரமான விஷயம் ஒன்று மட்டும் இருக்க வேண்டும், அது படிப்படியாக ஏற வேண்டும். நம் காட்சியில் விசித்திரம், திருட்டின் நடுவே நடக்கும் இலக்கணப் பாடம். முதல் படியில் ஒரு எழுத்தின் உச்சரிப்பைத் திருத்துகிறார். அடுத்து அவன் மிரட்டலையே திருத்துகிறார். அப்புறம் அவனே சந்தேகம் கேட்கிறான். அதற்கு மேல் வீட்டுப்பாடம். ஆசிரியருக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி, திருடனுக்கு இருட்டு என்றால் பயம் என்று இரண்டாவது விசித்திரத்தை நுழைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் பயத்தில் செய்யும் தவறு இதுதான், ஒன்று போதாது என்று தோன்றும். போதும்.

காதுக்கு எழுதுவது

இனி வானொலி வடிவம்.

ஒலி: கொண்டி மெல்ல விலகும் சத்தம். ஓர் அடி. இன்னோர் அடி. ஏதோ ஒரு பாத்திரம் காலில் பட்டு உருண்டு, சுழன்று, நெடுநேரம் கழித்து அடங்குகிறது.

ஆசிரியர் (சற்றுத் தொலைவில்): ஸ்விட்ச் உன் வலது கைப் பக்கம் இருக்குப்பா.

ஒலி: ஸ்விட்ச்.

திருடன்: யோவ் பெருசு! சத்தம் போட்டே, தொலைச்சிடுவேன். ஒலுங்கா சாவியைக் குடு.

ஆசிரியர்: என்ன சொன்னே?

திருடன்: ஒலுங்கா சாவியைக் குடுன்னேன்!

ஆசிரியர்: ஒழுங்கா.

திருடன்: ஆமா, ஒலுங்கா.

ஆசிரியர் (நெருங்கி வருகிறார்): நாக்கு நுனி மேலே அண்ணத்தை வருடணும். இடிக்கக் கூடாது. எங்கே, சொல்லு.

திருடன்: ஒழ்... ஒலு... யோவ்! என் கையில என்ன இருக்குன்னு பார்த்தியா?

ஆசிரியர்: பார்த்தேன். மழுங்கியிருக்கு. அதுக்கும் இதே எழுத்துதான். மேஜை மேல வெச்சிட்டு உட்காரு, நின்னுக்கிட்டே சொன்னா வராது ழ.

(இடைவெளி)

ஒலி: உலோகம் மேஜையைத் தொடுகிறது. நாற்காலி இழுபடுகிறது.

திருடன்: ...ஒழுங்கா. (தயக்கம்) சரியா சார்?

இதில் ‘கத்தி’ என்ற சொல்லே வரவில்லை. என் முதல் வடிவில் ஆசிரியர், ‘ஐயோ, கையில் இவ்வளவு பெரிய கத்தியோடு வந்து நிற்கிறாயே!’ என்று கத்தினார். கண்ணால் பார்ப்பதை யாரும் வாயால் வருணிப்பதில்லை. வானொலிக்கு எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் விழும் குழி இது. ‘மழுங்கியிருக்கு’ என்பதில் கத்தி தெரிந்துவிடுகிறது. அவர் பயப்படவில்லை என்பதும், திருத்துவதை நிறுத்த மாட்டார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகின்றன. ஒரு தகவலைச் சொல்ல வேண்டியிருந்தால் அதைப் பாத்திரத்தின் கிறுக்கு வழியாகவே சொல்லவையுங்கள்.

ஒலிக் குறிப்பு எழுதும்போது, அந்தச் சத்தம் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளுமா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மழைச் சத்தமும் எண்ணெயில் எதையாவது பொரிக்கும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காகிதம் கசங்குவது நெருப்பு எரிவது போலக் கேட்கும். அடையாளம் தெரியாத சத்தம் என்றால், முன்போ பின்போ ஒரு வசனம் அதற்குத் துணை நிற்க வேண்டும். பாத்திரம் உருள்வதற்குத் துணை வேண்டாம், அது ஊருக்கே தெரிந்த சத்தம்.

பேசாத ஆள் வானொலியில் இல்லாத ஆள். நான்கு பேர் இருக்கும் காட்சியில் ஒருவர் ஒரு நிமிடம் வாயைத் திறக்காவிட்டால் கேட்பவர் அவரை மறந்துவிடுவார். பிறகு அவர் திடீரென்று பேசினால் எங்கிருந்தோ குதித்த மாதிரி இருக்கும். (அதையே ஜோக்காகவும் ஆக்கலாம், ஒருமுறை மட்டும்.) ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று குரல் போதும். குரல்கள் வயதிலோ வேகத்திலோ பேச்சு வழக்கிலோ ஒன்றுக்கொன்று விலகி நிற்க வேண்டும்.

விளிச்சொற்களையும் கவனியுங்கள். ‘யோவ் பெருசு’ என்று தொடங்கியவன் ‘சார்’ என்று முடிக்கிறான். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைக் காட்ட வேறு ஒரு வரியும் தேவைப்படவில்லை. யோவ், டேய், நீ, நீங்க, தம்பி, சார், ஐயா என்று தமிழ் நம் கையில் ஒரு ஏணியே கொடுத்திருக்கிறது. காட்சியில் யார் எந்தப் படியில் நிற்கிறார், எந்த வரியில் ஏறுகிறார், எதில் சறுக்குகிறார் என்று குறித்துக்கொண்டு எழுதினால் பாதிக் காட்சி தானாக அமைந்துவிடும்.

செலவு பற்றி வானொலியில் கவலையே இல்லை. 1978-இல் பிபிசி வானொலியில் தொடங்கிய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ தொடரில் முதல் பகுதியிலேயே பூமி அழிக்கப்பட்டுவிடும். படமாக எடுப்பதென்றால் தயாரிப்பாளர் மயங்கி விழுந்திருப்பார். வானொலியில் அது சில ஒலிகளும் நல்ல வசனமும்தான்.

கண்ணுக்கு எழுதுவது

அதே இரவு, அதே இருவர். இப்போது தொலைக்காட்சி.

காட்சி 1. உள்ளே. ஆசிரியர் வீட்டுக் கூடம். நள்ளிரவு.

விளக்கு எரிகிறது. முகமூடி அணிந்த திருடன். எதிரே நாற்காலியில் ஆசிரியர். திருடன் உதட்டில் விரலை வைத்து எச்சரித்துவிட்டு, கசங்கிய தாள் ஒன்றை நீட்டுகிறான். தாளில்: ‘சத்தம் போட்டால் கொண்றுவிடுவேன்.’

ஆசிரியர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். படிக்கிறார். திருடனைப் பார்க்கிறார். மறுபடி படிக்கிறார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வருகிறது. ‘ண்’ மேல் ஒரு வட்டம். அடியில் ஒரு கோடு. ஓரத்தில் ஏதோ எழுதித் தாளைத் திருப்பித் தருகிறார்.

தாளில், சிவப்பில்: 4/10.

திருடன் முகமூடியை மெல்லக் கழற்றுகிறான்.

திருடன்: நாலா?

மொத்தக் காட்சிக்கும் ஒரே ஒரு சொல்தான் வசனம். இந்த ஜோக்கை வானொலிக்குக் கொண்டுபோக முடியாது, ‘கொண்று’வுக்கும் ‘கொன்று’வுக்கும் உள்ள பிழையைக் காது பிடிக்காது. ‘ழ’ ஜோக்கைத் தொலைக்காட்சியில் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் கண் சும்மா உட்கார்ந்திருக்கும். எந்த ஜோக்கை எந்த ஊடகத்துக்கு எழுதுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான். வானொலி ஸ்கிரிப்டை எடுத்து ‘அறைக்குள் நடந்தபடி’ என்று நாலு இடத்தில் சேர்த்தால் தொலைக்காட்சி ஸ்கிரிப்ட் ஆகிவிடாது.

செயல் குறிப்பில் கேமராவுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். ‘பள்ளி நாட்களின் அவமானம் அவன் நெஞ்சில் திரும்ப எழுகிறது’ என்று எழுதினால் அதை யாராலும் படமெடுக்க முடியாது. ‘முகமூடியை மெல்லக் கழற்றுகிறான்’ என்பதை எடுக்கலாம், அதிலேயே அவமானமும் இருக்கிறது. கேமரா கோணங்களை எழுதாதீர்கள், அது இயக்குநர் வேலை. நடிகருக்கு ‘கோபமாக’, ‘கிண்டலாக’ என்று ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறி போடுவதும் வேண்டாம். வசனத்தில் கோபம் இருந்தால் அவருக்கே தெரியும்.

இன்னொன்று: தொலைக்காட்சியில் சிரிப்பு பெரும்பாலும் பேசுகிறவர்மேல் வராது, கேட்கிறவர் முகத்தில்தான் வரும். அதனால் ஜோக்குக்கு அடுத்து உடனே அடுத்த வசனத்தைத் தள்ளாமல், முகத்துக்கு இடம் விட்டு எழுதுங்கள்.

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் இரண்டு வகை உண்டு. பார்வையாளர் முன்னால் அரங்கு அமைத்து ஒரே நேரத்தில் பல கேமராக்களில் எடுப்பது ஒன்று. 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்கத் தொடர் மூன்று ஃபிலிம் கேமராக்களோடு, பார்வையாளரை வைத்துக்கொண்டு இப்படி எடுக்கப்பட்டது. அதன் பிறகு வந்த தொடர்கள் பலவும் அந்த வழியில் போயின. இதில் அரங்குகள் குறைவு, காட்சிகள் நீளம், எழுத்து மேடை நாடகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னொன்று சினிமா போல ஷாட் ஷாட்டாக எடுப்பது. இதில் காட்சிகள் குட்டி, இடங்கள் அதிகம், அமைதிக்கும் பார்வைக்கும் வேலை அதிகம். ஆரம்பத்தில் எதை எழுதினாலும் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் போகாதீர்கள். ஸ்கிரிப்டைப் புரட்டும் தயாரிப்பாளர் மனசுக்குள் செலவுக் கணக்குப் போட்டுக்கொண்டேதான் படிப்பார்.

அரை மணி நேரம் என்பது எவ்வளவு?

விளம்பரம் உள்ள சேனலில் அரை மணி நேரம் என்றால் கையில் கிடைப்பது சுமார் 22 நிமிடம். விளம்பரம் இல்லாத இடத்தில் 28 வரை வரும். ஆங்கில ஸ்கிரிப்ட்களில் சினிமா வடிவத்துக்குப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுத்துரு, வரி இடைவெளி, சொல்லின் நீளம் எல்லாம் வேறு என்பதால் அந்தக் கணக்கை அப்படியே நம்பவேண்டாம். போனில் ஸ்டாப் வாட்சை ஓடவிட்டு, இடைவெளிகளோடும் சத்தங்களோடும் உரக்க வாசியுங்கள். உங்கள் வடிவத்தில் ஒரு பக்கம் எத்தனை வினாடி என்பது இரண்டு ஸ்கிரிப்டில் பிடிபட்டுவிடும்.

தொடர் எழுத உட்காரும்போது முதல் கேள்வி: இவர்கள் ஏன் பிரிந்து போகவில்லை? ஒருவரையொருவர் பிடிக்காத இருவர் எழுந்து போய்விட்டால் கதை முடிந்தது. குடும்பம், வேலை, கடன், ரகசியம் என்று ஏதோ ஒன்று அவர்களைக் கட்டிப்போட வேண்டும். நம் கதையில் ஆசிரியர் போலீசுக்குச் சொல்லாமல் இருக்க ஒரு நிபந்தனை வைக்கிறார்: தினமும் மாலை ஆறு மணிக்கு வகுப்புக்கு வர வேண்டும். அவருக்கு மாணவன் வேண்டும், இவனுக்கு ஜெயில் வேண்டாம். இனி நூறு பகுதி எழுதலாம்.

அப்புறம், வசனம் எழுதும் முன் ஒரே பக்கத்தில் கதையை எழுதுங்கள். ஒருவருக்கு ஒன்று வேண்டும். அதற்கு ஒரு குறுக்குவழி போடுகிறார். அது நிலைமையைக் கெடுக்கிறது. சரிசெய்யப் போய் இன்னும் கெடுக்கிறார். எல்லாம் ஒரே அறையில் வந்து மோதுகிறது. கடைசியில் கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்கள். சிட்காமில், அதாவது இப்படி அதே ஆட்களை வைத்து வாராவாரம் ஓடும் நகைச்சுவைத் தொடரில், யாரும் திருந்துவதில்லை, திருந்தினால் அடுத்த வாரம் வேலை இருக்காது. முக்கியக் கதையோடு இன்னொரு சின்னக் கதையும் ஓடட்டும், இரண்டும் முடிவில் உரசிக்கொண்டால் நல்லது.

உதாரணத்துக்கு ஒரு பகுதி. திருடனைத் தேடிவரும் இன்ஸ்பெக்டர் ஆசிரியர் வீட்டுக்கு விசாரணைக்கு வருகிறார். வந்து பார்த்தால் அவர் ஆசிரியரின் பழைய மாணவர். திருடன் அவசரத்தில், ‘நான் சாரோட ஸ்டூடண்ட்’ என்று சமாளிக்கிறான். இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வராமல் பொறாமை வருகிறது. சார் தன்னிடம் என்றைக்கும் இப்படிப் பிரியமாக இருந்ததில்லை. மேஜையில் கிடக்கும் தாளை எடுக்கிறார். அது மிரட்டல் கடிதம், முழு ஆதாரமும் அதில்தான் இருக்கிறது. திருடனுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. இன்ஸ்பெக்டரின் கண் சிவப்பு மையில் நிற்கிறது.

இன்ஸ்பெக்டர்: நாலா? எனக்கு மூணுதான் போட்டார்.

திரும்ப வரவழைக்கும் உத்தி என்று மேலே சொன்னேனே, அது இதுதான். முதல் காட்சியில் ‘நாலா?’ ஒரு திருடனின் அவமானம். பதினைந்து நிமிடம் கழித்து அதே சொல் ஒரு போலீஸ்காரரின் ஏக்கம். சொல் அப்படியே இருந்து அர்த்தம் மாறினால்தான் இந்த உத்தி பலிக்கும். அதே அர்த்தத்தில் திரும்ப வந்தால் அது கூறியது கூறல், ஆசிரியர் மார்க்கைக் குறைப்பார்.

திருத்தி எழுதுவது

முதல் வடிவம் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். என் 22 நிமிட ஸ்கிரிப்ட் ஒன்று முதல் வாசிப்பில் 41 நிமிடம் ஓடியது. ஒரு வாரம் அதைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்து நண்பர்களை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நடிக்காதீர்கள். சும்மா உட்கார்ந்து பதிவு செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் வாசித்தால் எழுத்தில் இல்லாததையெல்லாம் குரலில் சேர்த்துவிடுவீர்கள். வாசித்து முடித்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பதில் பயனில்லை, ‘நல்லா இருக்கு’ என்பார்கள். சிரிப்பு எங்கே வந்தது, எங்கே நாற்காலி கிறீச்சிட்டது என்று பதிவைத் திரும்பக் கேளுங்கள். நண்பர்கள் பொய் சொல்வார்கள், நாற்காலி சொல்லாது.

ஒரு ஜோக் விழவில்லை என்றால் அந்த வரியையே நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் நாலைந்து வரி மேலே இருக்கும். கேட்பவருக்குத் தெரிய வேண்டிய ஒன்று தெரியாமல் போயிருக்கும், அல்லது ரொம்பச் சீக்கிரம் தெரிந்திருக்கும். ஜோக்கை விளக்கும் வரி எங்கே இருந்தாலும் வெட்டுங்கள். நல்ல ஜோக்கானாலும் கதையை நிறுத்தினால் அதையும் வெட்டுங்கள். வெட்டியதைத் தனிக் கோப்பில் சேர்த்து வைத்தால் கை கூசாமல் வெட்ட வரும். அந்தக் கோப்பை நான் திரும்பத் திறந்தது மொத்தம் இரண்டு தடவை.

முடிவுதான் அதிக நேரம் பிடிக்கும். நம் ஸ்கெட்சுக்கு முதலில், ஆசிரியரே சாவியைக் கொடுத்து அனுப்புவதாக எழுதினேன். நெகிழ்ச்சியாக இருந்தது, சிரிப்பு வரவில்லை. அடுத்து, திருடன் அவருடைய பழைய மாணவன் என்று முடித்தேன். அது கேட்பவருக்கு மூன்றாவது வரியிலேயே தோன்றிவிடும் முடிவு. மூன்றாவதாக வந்தது இது: வெளியே காவலுக்கு நின்ற கூட்டாளி பொறுமை இழந்து உள்ளே பாய்ந்து, ‘என்னடா இவ்வளவு நேரம்? ஒலுங்கா வேலையை முடி!’ என்கிறான். ஒரு இடைவெளி. பிறகு நம் திருடன், ரொம்பப் பொறுமையாக: ‘உட்காருடா.’ அந்தக் கூட்டாளியை ஆரம்பத்திலேயே ஒரு விசில் சத்தத்தால் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. முடிவு கிடைத்தபின் முதல் பக்கத்துக்குப் போய் அதற்கு விதை போடுவது திருட்டு வேலையே அல்ல, எல்லோரும் செய்வது.

இருவராகச் சேர்ந்து எழுதினால் இந்தக் கட்டம் எளிதாகும். எதிரே இருப்பவர் சிரிக்கிறாரா என்பது உடனே தெரிந்துவிடும். ஜான் கிளீஸும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதிய ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு என மொத்தமே 12 பகுதிகள்தான். அவ்வளவு எழுதியே இன்றுவரை பேசப்படுகிறார்கள்.

அனுப்புவது

அனுப்பும் காகிதக் கட்டுக்குள் நான்கு விஷயம் இருக்கட்டும்: கதையைச் சொல்லும் ஒரே வாக்கியம், ஒரு பக்கச் சுருக்கம், பாத்திரங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பத்தி, முழுதாக முடித்த முதல் பகுதி. இன்னும் ஐந்தாறு பகுதிகளுக்கு இரண்டு வரிக் கரு இருந்தால் தொடர் ஓடும் என்று நம்பிக்கை வரும். ஒவ்வொரு நிலையமும், தயாரிப்பு நிறுவனமும் ஸ்கிரிப்ட் வாங்கத் தனி விதி வைத்திருக்கும், அதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கருவைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பதிப்புரிமை வெறும் கருவுக்குக் கிடையாது, எழுதி வைத்த வடிவத்துக்குத்தான். ‘திருடனுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்’ யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் எழுதிய பக்கங்கள் உங்களுக்குச் சொந்தம். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அந்தப் பாதுகாப்புக்குப் பதிவு செய்வதுகூட நிபந்தனையில்லை. தேதியிட்ட பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஒப்பந்தம் என்று ஒன்று வந்தால் பாத்திரங்களின் உரிமை யாரிடம் போகிறது என்ற வரியை மட்டுமாவது வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். உயிரோடு இருக்கும் ஆட்களைக் கேலி செய்து எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுவது நல்லது.

நிராகரிப்புக் கடிதங்களில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எனக்கு வந்தவற்றில் ஒன்றில் மட்டும் ஒரு வரி இருந்தது: ‘மூன்றாம் பக்கம் வரை யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை.’ அந்த வரியை வெட்டி மேஜைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் முற்றிலும் வேறு ஆட்களை வைத்து இரண்டாவது ஸ்கிரிப்டை முடித்துவிடுங்கள். முதலாவது பிடித்துப்போய் யாராவது கூப்பிட்டால், உட்காரச் சொன்ன கையோடு அவர் கேட்பது, ‘வேற என்ன வெச்சிருக்கீங்க?’